மலைநாட்டுக் கார்களுக்குத் தவறான ஒயில் ஆலோசனை

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு மோட்டார் பக்கத்தில், "மலைநாட்டில் ஓடும் கார்களுக்குத் தடித்த ஒயிலே பாதுகாப்பு, ஒரு போத்தல் அடிட்டிவும் (ஒயிலோடு கலக்கும் மருந்தும்) சேர்த்தால் ஒயில் மாற்றுவதைத் தள்ளிப்போடலாம்" என்று எழுதியிருந்தீர்கள். மறுநாள் காலையிலேயே அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒருவர் என் கராஜுக்கு வந்துவிட்டார். அவருடையது 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஒயில் ஊற்ற வேண்டிய வேகன் ஆர் கார். அதற்கு 20டபிள்யூ-50 என்ற தடித்த ஒயிலை ஊற்றச் சொன்னார். நான் மறுத்ததும், "பேப்பர்லயே போட்டிருக்காங்களே அண்ணே" என்றார். கராஜிலேயே தலை நரைத்தவன் சொல்லை விட உங்கள் ஒரு வரியை அவர் நம்பினார். அந்த நம்பிக்கைக்கு நீங்கள் செய்தது நியாயமா?

டின்னில் உள்ள கடைசி எண், 100 பாகை செல்சியஸ் சூட்டில் ஒயில் எவ்வளவு தடிப்பாக இருக்கும் என்பதைக் காட்டுவது. இது தங்களுக்குத் தெரியாததல்ல. கினிகத்தேனை ஏற்றத்தில் ஏறினாலும் காலி வீதியில் ஓடினாலும் எஞ்சினுக்குள் ஒயில் போகும் வழிகள் அதே அளவுதான். மெல்லிய ஒயிலுக்கென்று செய்த எஞ்சினில் தடித்ததை ஊற்றினால், குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் அது மேலே போய்ச் சேரச் சுணங்கும். பெட்ரோலும் கூடக் குடிக்கும். 2022இல் பெட்ரோல் வரிசையில் இரவு படுத்துக் கிடந்தவர்களுக்கா இந்த ஆலோசனை? பழைய டொல்பின் வேனுக்கு 15டபிள்யூ-40 டீசல் எஞ்சின் ஒயில் பொருத்தம்தான், அதை யாரும் மறுக்கவில்லை. எல்லா வண்டிக்கும் அதுவே மருந்து என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஒயில் மாற்றும் காலத்தைத் தள்ளிப்போடலாம் என்றது அதைவிட மோசம். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் பிள்ளைகளைப் பாடசாலையில் விட்டுவிட்டுத் திரும்பும் கார் முழுதாகச் சூடேறுவதே இல்லை. எஞ்சினுக்குள் வேர்க்கும் தண்ணீர் ஆவியாகாமல் ஒயிலோடு கலக்கும். மூடியைத் திருகினால் அடியில் பால் நிற நுரை ஒட்டியிருக்கும். பாரத்தோடு இரண்டாம் கியரிலேயே ஏறும் வேன்களில் ஒயில் வெந்துபோகும். இவற்றையெல்லாம் கடும் பாவனை என்று கணக்கெடுத்து, முந்தியே ஒயில் மாற்றத்தான் வண்டியோடு வரும் கைநூல்கள் சொல்கின்றன.

அடிட்டிவை நம்பி ஒயில் மாற்றாமல் ஓட்டிய ஒரு காரை அண்மையில் திறந்தேன். எஞ்சினின் மேல் மூடியான டெப்பெட் கவரின் கீழே கித்துள் பாணி காய்ந்து இறுகியது போலக் கறுப்புக் கசடு. கீழே ஒயில் தேங்கும் தட்டான சம்பைக் கழற்றினால் ஒயில் உறிஞ்சும் வலை பாதிக்கு மேல் அடைபட்டிருந்தது. ஏற்றத்தில் ஒயில் லைட் எரிந்தும் காரை ஓட்டியவர் நிறுத்தவில்லை, வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் நோயாளி இருந்ததால். தோட்டத்து மக்களுக்கு ஒரு கார் என்றால் என்னவென்று கொழும்பில் இருந்து எழுதுபவர்கள் யோசிக்க வேண்டும்.

நல்ல ஒயிலுக்குள் தேய்மானம் தடுக்கும் துத்தநாகச் சேர்வையும் கசடு கழுவும் மருந்தும் கம்பெனியே அளந்து கலந்துதான் அனுப்புகிறது. அதற்கு மேல் ஊற்றினால் அந்த அளவுதான் குழம்பும். அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1990களிலேயே, விளம்பரத்தில் சொன்னதற்கு ஆதாரம் இல்லையென்று அடிட்டிவ் கம்பெனிகள் மேல் நடவடிக்கை எடுத்தது. நீங்கள் அந்தக் கட்டுரைக்குக் கீழேயே அடிட்டிவ் விளம்பரம் போட்டிருக்கிறீர்கள்.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, இருக்கிற வண்டியைப் பேணுவது எப்படி என்று எழுதுங்கள் என நானே கடிதம் போட்டேன். பதில் இல்லை. பழைய டின்களில் கழிவு ஒயிலை நிரப்பி விற்கிறார்கள் என்று பிறகும் எழுதினேன். அதையும் போடவில்லை. சம்பளப் போராட்டமும் மண்சரிவும் வந்தால் மட்டும் உங்கள் நிருபர்களுக்கு மலையகத்துப் பாதை தெரிகிறது. எங்களுக்கும் பத்திரிகை விலை ஒன்றுதானே, ஐயா?

அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், கைநூலில் உள்ள எண்ணும் தரமும் பார்த்தே ஒயில் ஊற்ற வேண்டும், அடிட்டிவை நம்பிக் காலத்தைத் தள்ளக்கூடாது என்று திருத்தம் போடுங்கள். நாலு வரி போதும். அதை வெட்டிக் கராஜ் சுவரில் ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கராஜ் மெக்கானிக் ஒருவர்,
நோர்வூட்.