புதன்கிழமை மதியம் வா

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய மூன்று செய்திக்கும் நான் பதில் போடவில்லை. தெரியும். முதலில் திட்டித் தீர்த்துக்கொள், அப்புறம் படி. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் உன்னிடம் ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்லி முடித்தவன் யாரும் இல்லை. பாதியிலேயே கால்குலேட்டரை எடுத்துவிடுவாய். கடிதம் என்றால் கடைசிவரை கேட்டுத்தான் ஆகவேண்டும்.

செய்தி இதுதான். என் வீட்டுக்காரி, அதாவது உன் தங்கச்சி, மாடிப்படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். பதறாதே, மூன்று வாரம் ஆகிவிட்டது. எலும்பு ஒழுங்காகக் கூடுகிறது, கட்டு இன்னும் கொஞ்ச நாளில் பிரித்துவிடுவார்கள். இடது கையால் கையெழுத்துப் போடப் பழகிவிட்டாள். என் கையெழுத்தைவிட நன்றாக இருக்கிறது என்று நம் கூட்டாளி நெட்டை சொல்கிறான். அவன் சொல்லுவான். அவளுக்கு அடிபட்டதைச் சொல்ல மட்டும் இதை எழுதவில்லை. அன்றைக்கு நான் வீடு வந்து சேர்ந்த கதையைச் சொல்லவேண்டும். அதைக் கேட்காமல் எங்கள் பக்கம் நீ பார்த்துவைத்திருக்கும் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. என் பேச்சைக் கேட்டுத்தானே இந்தப் பக்கம் வீடு பார்க்கவே கிளம்பினாய்?

போன வருஷம் நகரத்தை விட்டு இங்கே குடிவந்ததும் நான் எழுதிய கடிதத்தைத் தயவுசெய்து கிழித்துப் போடு. வாடகை பாதியாகிவிட்டது, ஒரு அறை கூடுதல், ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர் இல்லை, ஐம்பத்தெட்டே நிமிடத்தில் ரயில் நகரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும் என்றெல்லாம் பக்கம் பக்கமாக அளந்தேனே, அதைத்தான். ஒன்றும் பொய் இல்லை. அதுதான் கோளாறு, ஒவ்வொரு வரியும் உண்மை.

முதலில் அந்த ஐம்பத்தெட்டு நிமிடத்தைப் பார்ப்போம். அது கால அட்டவணையில் இருக்கும் எண். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடக்கப் பதினான்கு நிமிடம். வண்டியை விட்டுவிடக் கூடாதே என்று ஐந்து நிமிடம் முன்னதாகப் போய் நிற்பது. அந்தப் பக்கம் இறங்கி, படியேறி, படியிறங்கி, அலுவலகம்வரை நடக்க இன்னும் எட்டு நிமிடம். ஆக, கதவிலிருந்து கதவுக்கு எண்பத்தைந்து. பழைய வீட்டிலிருந்து இருபத்தைந்துதான் ஆகும். போக ஒரு மணி, வர ஒரு மணி, தினமும் இரண்டு மணி நேரம் கூடுதல். வருஷத்துக்கு 240 வேலை நாள் என்று வை, 480 மணி நேரம். இரவும் பகலும் சேர்த்து இருபது முழு நாள். பார், உனக்காக நானே போட்டுவிட்டேன், கால்குலேட்டரைக் கீழே வை.

ஆனால் இந்த இருபது நாளைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. நிஜமாகவே இல்லை. காலையில் ஏழு நாற்பத்திரண்டு வண்டியில் மூன்றாவது பெட்டி, ஜன்னலோரம் இடம் கிடைத்துவிடும். ஆரம்ப ஸ்டேஷனுக்கு அடுத்ததே நம்முடையது என்பதால் அந்தப் பாக்கியம். எதிரில் ஒருவர் உட்காருவார். உட்கார்ந்த மறு நிமிடமே தூக்கம். வாய் திறந்திருக்கும், மடியில் பை இருக்கும், பையின் வார் மணிக்கட்டில் இரண்டு சுற்று. அவருடைய ஸ்டேஷன் வருவதற்கு முன் தண்டவாளம் ஒரு இடத்தில் பிரியும், பெட்டி இடதுபக்கம் லேசாக ஆடும். அந்த ஆட்டத்துக்குக் கண்ணைத் திறப்பார். ஒரு வருஷமாகப் பார்க்கிறேன், ஒரு நாளும் தவறியதில்லை. ஒரு தடவை வண்டியை வேறு பிளாட்பாரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்த ஆட்டம் வரவில்லை. நான்தான் தட்டி எழுப்பினேன். நன்றி சொல்வார் என்று பார்த்தால் என்னைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அப்புறம் படிப்பு. பதினொரு புத்தகம் முடித்திருக்கிறேன். நான்! ஓட்டை சைக்கிள் காலத்தில் பாடப்புத்தகத்தையே திறக்காதவன். அதில் படித்ததை உன்மேல் கொட்டாமல் விடமாட்டேன். மார்க்கெட்டி என்று ஒரு இத்தாலிய இயற்பியலாளர் 1994-இல் எழுதினார்: மனிதன் நடந்தாலும் வண்டியில் போனாலும் நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் பயணத்துக்கு ஒதுக்குகிறான், வேகம் கூடினால் நேரத்தை மிச்சம் பிடிப்பதில்லை, தூரமாகப் போய்க் குடியேறுகிறான். நடந்து திரிந்த காலத்தில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் என்றால், போக அரை மணி, வர அரை மணி, ஆக நடுவிலிருந்து விளிம்புக்கு இரண்டரை கிலோமீட்டர். பழைய நகரங்கள் அந்த அளவில்தான் நின்றன என்கிறார். நாம் அவர் கணக்கையும் தாண்டி மூன்று மணி நேரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்பது வேறு விஷயம்.

நீ அனுப்பினாயே ஒரு அட்டவணை, ஒரு பக்கம் வாடகை இறங்க மறுபக்கம் பயணச் செலவு ஏற, இரண்டும் சமமாகும் இடத்தில் வட்டம் போட்டு! அதை வில்லியம் அலோன்சோ என்பவர் 1964-லேயே பொருளாதாரமாக எழுதிவிட்டார். மையத்திலிருந்து விலக விலக நிலத்தின் விலை குறையும், அந்தக் குறைவுதான் தூரத்துக்குக் கிடைக்கும் ஈடு என்பது அதன் சாரம். அது சரியானால் பக்கத்தில் இருப்பவனும் தூரத்தில் இருப்பவனும் சமமான திருப்தியோடு இருக்கவேண்டும் அல்லவா? ஸ்டட்சர், ஃப்ரை என்ற இருவர் ஜெர்மனியில் பல ஆண்டுகள் எடுத்த கணக்கெடுப்பை வைத்துப் பார்த்தார்கள். 2008-இல் வெளியானது. பயண நேரம் கூடக்கூட ஆட்கள் தங்கள் வாழ்க்கையில் திருப்தி குறைவு என்றே சொல்லியிருக்கிறார்கள். ஈடு கிடைக்கவில்லை. திருப்திக்கு மதிப்பெண் போடச் சொல்லும் ஆராய்ச்சிமேல் எனக்கு அரை நம்பிக்கைதான். ஆனால் அப்படித் தூரமாகப் போனவர்கள் எங்கே இடறியிருப்பார்கள் என்று இப்போது புரிகிறது. சராசரி நாளைக் கணக்குப் போட்டுத்தான் வீடு பிடிக்கிறோம். நீயும் அதைத்தான் செய்கிறாய். நானும் அதைத்தான் செய்தேன்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன்.

புதன்கிழமை, பதினொன்று நாற்பதுக்குப் போன் வந்தது. அவளேதான் பேசினாள். "கை ஒரு மாதிரி திரும்பியிருக்கு, நீங்க வர முடியுமா?" என்றாள், தண்ணீர் மோட்டார் ரிப்பேர் என்று சொல்கிற அதே குரலில். ஓடினேன். பன்னிரண்டுக்கு முன்பே பிளாட்பாரத்தில் நிற்கிறேன். மாப்பிள்ளை, அந்த ஸ்டேஷனை மதியத்தில் நான் பார்த்ததே இல்லை. காலையில் எட்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி, தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். இப்போது பிளாட்பாரம் முழுக்கக் காலி. ஒரு அம்மா ஈரத் துடைப்பத்தால் ஒரு முனையிலிருந்து இழுத்துக்கொண்டே வந்தார். என் காலருகே வந்ததும் நின்று, காலைத் தூக்கச் சொல்லிச் சைகை காட்டி, மறுபடி இழுத்துக்கொண்டே போனார். பலகையில் எங்கள் பக்கத்து வண்டி எதுவும் இல்லை. மதியத்தில் மணிக்கு ஒரு வண்டிதானாம். பன்னிரண்டு மணி வண்டி தண்டவாளப் பராமரிப்புக்காக ரத்து. அடுத்தது ஒன்று ஐந்துக்கு.

வாடகைக் கார் பிடித்திருக்கலாமே என்பாய். பிடித்தேன். இரண்டு பேர் ஏற்றுக்கொண்டு, போகவேண்டிய இடத்தைப் பார்த்ததும் ரத்து செய்தார்கள். மூன்றாவது ஆள் வந்து சேரவே அரை மணி நேரம் காட்டியது. அப்புறம் நகரத்தைத் தாண்ட ஒன்றரை மணி. ரயிலுக்கே நிற்கலாம் என்று முடிவெடுத்தேன். அது சரியா தப்பா என்று மூன்று வாரமாக யோசிக்கிறேன், இன்னும் தெரியவில்லை. ஒன்று ஐந்து வண்டி ஒன்று இருபதுக்கு வந்து, எல்லா இடத்திலும் நின்று, நான் ஸ்டேஷனில் இறங்கும்போது இரண்டரை. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தபோது இரண்டே முக்கால். மூன்று மணி நேரம் மாப்பிள்ளை. அந்த நேரத்தில் விமானத்தில் ஏறியிருந்தால் வேறு நாட்டில் இறங்கியிருப்பேன்.

வீட்டில் அவள் கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்து உட்கார்ந்திருந்தாள். எல்லாம் முடிந்துவிட்டது. எதிர்வீட்டு அக்கா தன் ஸ்கூட்டரில் உட்காரவைத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், எக்ஸ்ரே எடுத்து, கட்டுப் போட்டுத் திரும்பக் கூட்டிவந்துவிட்டார். அந்த அக்காவிடம் நான் ஒரு வருஷத்தில் மொத்தம் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். மூச்சு வாங்க நிற்கிற என்னைப் பார்த்துக் கேட்டார், "பன்னிரண்டு வண்டிக்கா நின்னீங்க? புதன்கிழமை அது வராதே, தம்பி?"

தெருவுக்கே தெரிந்திருக்கிறது. காய்ந்த துணி எடுத்துக்கொண்டிருந்த மாடிவீட்டுப் பெண்கூட ஆமாம் என்று தலையாட்டியது. செவ்வாயும் புதனும் மதியத்தில் பராமரிப்பு, அது மாதக்கணக்காக நடக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியாது. நான் இந்த ஊரில் குடியிருக்கவில்லை மாப்பிள்ளை, இங்கே தூங்கி எழுந்து போகிறேன்.

அதிலிருந்து ஒன்று மண்டையைக் குடைகிறது. 1860-களில் லண்டனில் ரயில் பாதை போட ஏழைகளின் வீடுகளை இடித்தார்கள். அதற்குப் பதிலாக, தொழிலாளர்களுக்கு மலிவுக் கட்டணத்தில் வண்டி ஓட்டவேண்டும் என்று 1864-இல் ஒரு ரயில் கம்பெனிக்குச் சட்டத்தில் நிபந்தனை போட்டார்கள். 1883-இல் அதை மற்றக் கம்பெனிகளுக்கும் பொதுவாக்கினார்கள். நகரத்துக்கு வெளியே மலிவான தெருக்கள் அப்படித்தான் நீண்டன. ஆனால் அந்தச் சட்டம் கேட்ட மலிவு வண்டிகள் மாலை ஆறிலிருந்து காலை எட்டு வரைக்குத்தான். மதியம் பன்னிரண்டுக்கு ஒரு தொழிலாளி எதற்காக வீட்டுக்குப் போகப்போகிறான்? யாரும் கேட்கவில்லை. நூற்றைம்பது வருஷம் கழித்து நான் நின்ற பிளாட்பாரத்திலும் அதே கணக்குதான் என்று தோன்றியது. காலையில் நம்மைக் கொண்டுபோக எட்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி. நடுவில் நமக்கு ஏதாவது ஆகும் என்பது அட்டவணை போட்டவன் யோசனையிலேயே இல்லை.

நியாயமாகச் சொல்லவேண்டும் என்றால் அவர்கள் பக்கமும் உண்டு. வண்டி ஓடும் தண்டவாளத்தை எப்போதாவது சரிபார்க்கத்தானே வேண்டும், கூட்டம் இல்லாத மதியத்தில்தான் முடியும். இதை நான் கோபம் இல்லாத நேரத்தில் எழுதுகிறேன்.

உன் விஷயத்துக்கு வருகிறேன், இங்கே விளையாட்டு இல்லை. உன் அட்டவணையில் ஒரே ஒரு ஆளுடைய நேரம்தான் இருக்கிறது, உன்னுடையது. உன் மனைவி, என் தங்கச்சிக்கு வாரத்தில் இரண்டு நாள் இரவு ஒன்பதரைக்குத்தான் வேலை முடியும். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று பார்த்தாயா? கடைசிக்கு முந்தினது எத்தனை மணிக்கு? கடைசி வண்டியை நம்பி வீடு எடுக்காதே, அது ரத்தானால் அன்றைக்குப் பிளாட்பாரம்தான் வீடு. ஸ்டேஷனிலிருந்து அந்த வீட்டுக்கு நீ பகலில் நடந்து பார்த்தாய். ராத்திரி பத்தரைக்கு, மழையில், அவள் தனியாக நடந்து வரமுடியுமா? அப்புறம் அப்பா. அவருக்கு மூச்சு வாங்கும்போது நீ எங்கே இருப்பாய் என்று எனக்குத் தெரியும், நான் நின்ற அதே இடத்தில். அதற்காக வராதே என்று சொல்லவில்லை. வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் எந்த மருத்துவமனை, யாரிடம் வண்டி இருக்கிறது, எதிர்வீட்டில் யார், இதையெல்லாம் சதுர அடியைப் பார்ப்பதற்கு முன் பார்.

நாங்கள் திரும்பி வருகிறோமா என்று கேட்பாய். இல்லை. உன் தங்கச்சியிடம் கேட்டேன். "அந்த இருட்டு வீட்டுக்கா? நீங்க போங்க, நானும் எதிர்வீட்டு அக்காவும் இங்கேயே இருந்துக்கிறோம்" என்றாள். வாரத்தில் ஒரு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன். கிடைத்தால் புதன்கிழமை கேட்பேன், வேண்டுமென்றே. அக்காவின் எண்ணும், அந்தத் தெருவில் கார் ஓட்டும் ஒருவரின் எண்ணும் இப்போது என் போனில் இருக்கின்றன. ஒரு வருஷம் முன்னாலேயே இருந்திருக்கவேண்டும்.

வீட்டுக்காரர் உன்னை ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொல்லியிருப்பார். அன்றைக்கு வண்டியும் காலி, தெருவும் அழகு, எல்லோருக்கும் பிடித்துப்போகும். நீ போகாதே. லீவு போட்டுவிட்டு, வருகிற புதன்கிழமை பதினொன்றே முக்காலுக்கு நகரத்து ஸ்டேஷனுக்கு வா. நானும் அரை நாள் சொல்லிவிட்டு வருகிறேன். மூன்றாம் பிளாட்பாரம், கடிகாரத்துக்குக் கீழே இருக்கும் பெஞ்ச். அடுத்த வண்டி எப்போது வருகிறதோ அதில் இரண்டு பேரும் போவோம். காத்திருக்கும் நேரத்துக்கு ஏதாவது படிக்க எடுத்து வா. அந்த அட்டவணையை மட்டும் எடுத்து வராதே.

அப்பாவுக்கு என் வணக்கம் சொல். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு. நெட்டையிடம் நான் அழைத்ததைச் சொல்லிவிடாதே, அவனும் கிளம்பிவிடுவான்.

உன்,
கடைசி பெஞ்சுக்காரன்