மேற்கே இடி கேட்கிறது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி பரவாயில்லை. போனில் பேசினால் "சரிம்மா, வைக்கட்டுமா" என்று முடித்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

சாரல் தொடங்கிவிட்டது. உன் கொல்லத்தில் கொட்டித் தீர்த்த மேகம் மலையேறி இளைத்து, ஆரியங்காவுக் கணவாய் வழியாக இங்கே வரும்போது வெறும் சாரலாகிவிடுகிறது. உன் தாத்தா இதைக் கடைசி வரை மலையாளத்தில் "இடவப்பாதி" என்றுதான் சொன்னார். 1956 நவம்பர் 1 அன்று நம் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பிறகும் அவர் பேச்சில் திருவிதாங்கூர் போகவில்லை. உன் பக்கத்து மழை இரண்டே நாளில் என் வாசலுக்கு வந்துவிடுகிறது. உன் சேதிதான் வருவதில்லை.

குடையில்லாமல் வெளியே போகாதே. தலையைத் துவட்டாமல் படுக்காதே.

நேற்று அடுக்களையில் ஆட்டுரலின் அடியிலிருந்து எறும்புச் சாரி. ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளையாக ஒரு முட்டை, நொய்யரிசி போல. சுவரேறிப் பரணுக்குப் போயின. ஒன்று பாதிச் சுவரில் முட்டையைத் தவறவிட்டது. கீழே இறங்கித் தேடி எடுத்துக்கொண்டு மறுபடியும் ஏறியது. உலையில் தண்ணீர் வற்றியதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை. வாசலிலோ தட்டான்கள் முழங்கால் உயரத்தில் பறக்கின்றன. ஈரக்காற்றில் கொசு தாழ இறங்கும், அதைத் தின்னத் தட்டானும் இறங்கும் என்பார் தாத்தா. வானத்தைப் பார்க்காமலே மழையைச் சொன்ன மனிதர் அவர். அவர் மருமகள் நான், எனக்கும் கொஞ்சம் தெரியும்.

போன வாரம் நீ வீடியோவில் பேசியபோது பின்னால் இருந்த ஜன்னலுக்குப் பச்சைக் கம்பி. உன் வீட்டு ஜன்னல் கம்பி வெள்ளை. மாப்பிள்ளையின் குரலைக் கேட்டு மூன்று மாதம் ஆகிறது. அவருக்கு வேலை அதிகமாக இருக்கும்.

நம் குடும்பத்தில் முதன்முதலாகச் சம்பளம் வாங்கிய பெண் நீ. தெருவில் நான் தலை நிமிர்ந்து நடப்பது உன்னால்தான். ஆனால் பொங்கலுக்கு வரவில்லை, பங்குனி உத்திரத்துக்கும் வரவில்லை. 2010 முதல் 2018 வரை ரயில் இல்லாத காலத்திலேயே உன் சித்தி மலைவளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வருவாள். இப்போது பதிமூன்று கண் பாலத்தின் மேல் ரயில் ஓடுகிறது. ஏறி உட்கார்ந்தால் போதும். பெரியத்தை விஷயத்தில் மழை விட்டும் இருபது வருடம் தூவானம் விடவில்லை, அதை நினைத்துத்தான் நீ வாயை மூடிக்கொண்டிருக்கிறாயா?

குடையை மறக்காதே.

இதை எழுதாமல் இந்தக் கடிதத்தை மடிக்க முடியாது. போன புரட்டாசியில் நீ வந்திருந்தபோது களத்தில் கார் நெல் காய்ந்துகொண்டிருந்தது. நீ என் பக்கத்தில் வந்து நின்று, காலால் நெல்லைத் துழாவியபடி, "அம்மா, அங்கே அவர்" என்று ஆரம்பித்தாய். மேற்கே இடித்தது. "மழை வருகிறது, முதலில் நெல்லை அள்ளு" என்றேன். நீயும் அள்ளினாய். தார்ப்பாய் போட்டு மூடினோம். அன்று ஒரு சொட்டுகூட விழவில்லை. அன்று இரவோ மறுநாளோ, "என்ன சொல்ல வந்தாய்" என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மழைக்குப் பயந்து அள்ளச் சொல்லவில்லை மகளே, நீ சொல்லப்போவதற்குப் பயந்துதான் சொன்னேன். ஊர் என்ன பேசும் என்று அந்த ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டேன். இப்போதும் மூன்று பக்கம் மழையைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

அங்கே என்ன நடந்தது? நீ சொல். நெல் நனைந்தால் நனையட்டும்.

மச்சு அறையில் உன் கட்டிலுக்கு மேலே ஒழுகிய ஓடுகளை மாற்றியாகிவிட்டது. நான்கு ஓடு. ஆள் கூப்பிடலாம் என்றேன், கேட்காமல் அந்த முழங்காலோடு அப்பாவே ஏறினார். எதற்கு இப்போது என்று அவர் என்னைக் கேட்கவே இல்லை.

அம்மா