மரத்தில் செய்த கப்பல் அது, கணினியில் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் முப்பரிமாண அச்சு இயந்திரங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதை யாருக்கும் புரியும்படி விளக்கியிருந்தீர்கள், அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் கட்டுரையோடு போட்டிருந்த படத்தின் கீழே ‘கணினியில் உருவான ஸ்டார் ட்ரெக் விண்கலம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. அந்தக் கப்பல் மரத்திலும் தகட்டிலும் பிளாஸ்டிக்கிலும் ஆட்கள் கையால் செய்தது. உங்கள் படத்தையே இன்னொரு முறை பாருங்கள், கப்பலின் வயிற்றுக்கு அடியில் அதைத் தாங்கும் கம்பம் தெரிகிறது, ஓரத்தில் கண்ணாடிப் பெட்டியின் பளபளப்பும் விழுந்திருக்கிறது. வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கும் படப்பிடிப்பு மாதிரி அது. ஸ்டார் ட்ரெக் என்ற பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் வரும் விண்கலம், எண்டர்பிரைஸ்.

நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த மாதிரிக்கு ஒரு மாதிரி செய்து முடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. கப்பலுக்கு மாதிரி என்று சொல்லாமல் மாதிரிக்கு மாதிரி என்று சொல்கிறேன், இந்தக் கடிதமே அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான்.

முதலில் அசலைப் பற்றிக் கொஞ்சம். கப்பலின் உருவத்தை வரைந்தவர் தொடரின் கலை இயக்குநர் மேட் ஜெஃப்ரீஸ். ராக்கெட் போல இருக்கக் கூடாது, பின்னால் நெருப்பு வரக் கூடாது, இறக்கை கூடாது என்று ‘கூடாது’களாகவே அவருக்குச் சொல்லப்பட்டது. அதிலிருந்து ஒரு தட்டு, ஒரு உருளை உடல், மேலே இரண்டு எஞ்சின் குழல்கள் என்று அவர் கொண்டு வந்த வடிவத்தை இன்றைக்கும் ஒரு நிழலாகக் காட்டினாலே பலர் அடையாளம் சொல்லிவிடுவார்கள். அதை 1964இல் செய்து கொடுத்தவர் ரிச்சர்ட் டேட்டின். முதலில் 33 அங்குலத்தில் ஒன்று செய்து காட்டி ஒப்புதல் வாங்கினார். அப்புறம் பர்பாங்கில் இருந்த ஒரு மாதிரிப் பட்டறையோடு சேர்ந்து பெரியதைச் செய்தார்கள், கிட்டத்தட்ட 3.4 மீட்டர் நீளம். உடல் மரம், தட்டு சூடாக்கி அச்சில் இழுத்த பிளாஸ்டிக், எஞ்சின் குழல்கள் சுருட்டிய தகடு. அந்த வருட டிசம்பர் கடைசியில் அது படப்பிடிப்புக்குப் போய்விட்டது. தொடர் ஒளிபரப்பானது 1966 செப்டம்பரில். உங்கள் கட்டுரையாளர் நினைக்கிற கணினி வரைகலை அப்போது தொலைக்காட்சிக்கு வந்திருக்கவே இல்லை. பழைய தொடரைப் புதுப்பித்து 2006இலிருந்து மறுபடி ஒளிபரப்பியபோது கப்பல் வரும் காட்சிகளைக் கணினியில் செய்து மாற்றினார்கள், அது உண்மை. ஆனால் நீங்கள் போட்டிருக்கும் படத்தில் இருப்பது அது இல்லை.

இப்போது என் வேலைக்கு வருகிறேன். நான் எடுத்துக்கொண்டது ஒரு பிளாஸ்டிக் கிட், துண்டுகளாகப் பெட்டியில் வரும், நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டும். பெட்டியில் அளவு 1:350 என்று இருக்கும். கதையில் கப்பலின் நீளம் 289 மீட்டர் என்று வைத்துக்கொண்டு அதை 350ஆல் வகுத்தால் 82 சென்டிமீட்டரும் கொஞ்சமும் வரும், கிட்டும் அவ்வளவுதான். சரி, ஆனால் அந்த 289 மீட்டர் கப்பல் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. இருப்பது 3.4 மீட்டர் மரக்கப்பல். அதோடு ஒப்பிட்டால் என் மேஜைமேல் இருப்பது 1:4, கறாராகச் சொன்னால் நான்கில் ஒன்றுக்கும் ஒரு துளி சின்னது. பெட்டியின் மேல் இருந்த 1:350ஐ அடித்துவிட்டு 1:4 என்று எழுதினேன், அந்த நிமிடத்திலிருந்து வேலையே வேறாகிவிட்டது. கற்பனைக் கப்பலைச் செய்பவருக்கு அது விண்வெளியில் எப்படி இருந்திருக்கும் என்பது கேள்வி. எனக்குக் கேள்வி, பட்டறையில் அந்த ஆட்கள் இந்த இடத்தை எப்படிச் செய்தார்கள் என்பது.

உதாரணத்துக்குத் தட்டின் மேல்பக்கம். கிட்டில் அதில் கட்டம் கட்டமாகக் கோடுகள் பள்ளமாக வெட்டியிருந்தார்கள். அசலில் அப்படிப் பள்ளம் கிடையாது, வண்ணத்தின் மேல் பென்சிலால் இழுத்த கோடுகள்தான் இருக்கின்றன, பென்சில்! அந்தப் பள்ளங்களை எல்லாம் புட்டி வைத்து நிரப்பி, காய்ந்ததும் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, ப்ரைமர் அடித்துப் பார்த்தால் இன்னும் கோடு தெரியும், மறுபடி புட்டி, மறுபடி உப்புத்தாள், 400ஆம் எண் தாளில் ஆரம்பித்து இன்னும் நைசான 800, 1000 என்று போய் விரலால் தடவினால் எதுவும் தட்டுப்படாத வரைக்கும் விடாமல் செய்தேன். 36 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டுக்கு மூன்று வாரம் ஆனது. அப்புறம் வண்ணம் அடித்து, கெட்டிப் பென்சிலை ஊசிபோலச் சீவி, அட்டையில் வெட்டிய அச்சை வைத்துக் கோடு இழுத்தேன். பென்சில் முனை இரண்டு கோட்டுக்கு ஒருமுறை மழுங்கும். இரண்டடி தள்ளி நின்றால் கோடு கண்ணுக்கே தெரியாது. தெரியக் கூடாது, அசலிலும் அப்படித்தான்.

அந்த மேல்பக்கத்தை நான் இவ்வளவு முக்கியமாக நினைக்கக் காரணம் அருங்காட்சியகக் கதை. மாதிரி 1974இல் அங்கே போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு பல வருட இடைவெளிகளில் மூன்று முறை அதைப் பழுது பார்த்து வண்ணம் பூசினார்கள். 1991இல் செய்த வேலையில் கோடுகளும் அழுக்குப் பூச்சும் அசலைவிட அழுத்தமாகிவிட்டன என்று ரசிகர்கள் ரொம்ப வருத்தப்பட்டார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் தட்டின் மேல்பக்கத்தை மட்டும் யாரும் தொடாமல் விட்டார்கள். அறுபதுகளின் வண்ணம் அப்படியே மிஞ்சியிருப்பது அங்கேதான். 2014இல் கப்பலைக் காட்சியிலிருந்து எடுத்து, எக்ஸ்ரே பிடித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து, பொதுமக்களிடம் பழைய புகைப்படங்கள் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டு, 1967 ஆகஸ்டில் படப்பிடிப்பில் இருந்த நிலைக்கே திருப்பிக் கொண்டுவர முடிவு செய்தபோது சரியான நிறம் எது என்பதற்குச் சாட்சியாக நின்றது அந்த ஒரு பக்கம்தான். வெளிர் சாம்பல், அதில் லேசாகப் பச்சை கலந்த மாதிரி ஒரு நிறம். திரையில் வெள்ளையாகவும் நீலமாகவும் தெரிந்ததற்குக் காரணம் பின்னால் வைத்த நீலத் திரையும் விளக்குகளும். 2016 ஜூலையில் மறுபடி காட்சிக்கு வைத்தார்கள். நான் நிறத்தைக் கலந்து கலந்து பதினோராவது முறைதான் திருப்தி அடைந்தேன், அதுவும் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த பிறகு.

விளக்கு வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் சொல்ல வந்த விஷயம் அதில்தான் இருக்கிறது. தொடரை எடுக்கலாமா என்று முடிவு செய்வதற்காக எடுத்த முதல் முன்னோட்டப் படத்துக்குச் செய்தபோது கப்பலில் விளக்கே கிடையாது, ஜன்னல்கள் வெறும் வண்ணம். பிறகுதான் உள்ளே விளக்கு வைத்தார்கள், தொடர் உறுதியானதும் எஞ்சின் முனைகளில் சுழலும் ஒளியையும் சேர்த்தார்கள். இந்த விளக்குகளுக்கு மின்சாரம் வெளியிலிருந்துதான் வர வேண்டும், ஒயர்கள் எங்கேயாவது வெளியே வந்தாக வேண்டும். இடப் பக்கத்தில் விட்டார்கள். அதனால் கேமரா எப்போதும் வலப் பக்கத்தையே பார்த்தது. யாரும் பார்க்காத இடப் பக்கத்துக்கு ஜன்னல் எதற்கு, எழுத்து எதற்கு? அந்தப் பக்கம் வேலை முடியாமலே நின்றுவிட்டது. கப்பல் எதிர்த் திசையில் போவதாகக் காட்ட வேண்டி வந்தபோது வலப் பக்கத்திலேயே எண்களைக் கண்ணாடிப் பிம்பமாக ஒட்டிப் படம் எடுத்து, பிலிமைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். கப்பலும் பெரும்பாலும் நகரவில்லை, அது நின்ற இடத்தில் நிற்க, கேமராதான் தண்டவாளத்தில் அதை நோக்கிப் போனது. எனக்கு இந்தத் தொடரில் மிகப் பிடித்த செய்தி இதுதான், எந்தக் கதையையும்விட.

ஆகவே என் மாதிரியிலும் வலப் பக்கத்தில் மட்டும்தான் விளக்கு எரியும். இடப் பக்கம் மொட்டை. ஜன்னல் இல்லை, எழுத்து இல்லை, மெல்லிய ஒயர்கள் ஓட்டை வழியாக வெளியே வந்து கீழே போகின்றன. பார்க்க வருகிறவர்கள் சுற்றிப் போய் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, ஏன் பாதியில் விட்டுவிட்டாய் என்று கேட்கிறார்கள். விடவில்லை, முடித்துவிட்டேன் என்று சொல்லி உட்காரவைத்து மேலே எழுதியதை எல்லாம் சொல்வேன். சிலர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுபடி எழுந்து போய் இடப் பக்கத்தை இன்னும் கொஞ்சநேரம் பார்ப்பார்கள். அதைவிட எனக்கு வேறு பாராட்டு வேண்டாம்.

இந்த விளக்கில் நான் பட்ட பாட்டையும் ஒரு வார்த்தை எழுதிவிடுகிறேன், கிட்டில் கை வைக்கப்போகிற யாருக்காவது உதவும். எல்.ஈ.டி. எல்லாம் பொருத்தி, தட்டின் இரண்டு பாதியையும் பசை போட்டு ஒட்டிய பிறகு இருட்டில் எரியவிட்டேன். ஜன்னலில் மட்டும் வர வேண்டிய வெளிச்சம் தட்டு முழுக்க ஒளிர்ந்தது, டார்ச்சின் மேல் உள்ளங்கையை வைத்தால் சிவப்பாகத் தெரியுமே, அந்த மாதிரி. பிளாஸ்டிக் பார்க்கக் கெட்டியாக இருக்கும், ஆனால் ஒளியை விடும். ஒட்டுவதற்கு முன்னால் உள்பக்கம் கறுப்பு அடித்து, அதன்மேல் வெள்ளை அடிக்க வேண்டும், கறுப்பு வெளிச்சத்தை அடைக்கும், வெள்ளை அதை உள்ளேயே சிதறவைத்து ஜன்னலுக்கு அனுப்பும். நான் ஒரு கோட்டிங் வெள்ளையோடு நிறுத்தியிருந்தேன். இந்தப் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்கிவிடும், பிரிக்க வழி இல்லை, விளிம்பு ஓரமாக ரம்பத்தால் அறுத்துத்தான் திறந்தேன். இரண்டு மாதம் பின்னால் போனேன்.

அச்சு இயந்திரத்துக்கு வருகிறேன். இனி இந்த மாதிரிகளை யாரும் கையால் செய்ய வேண்டியதில்லை, இணையத்திலிருந்து கணினிக் கோப்பு ஒன்றை இறக்கிப் பொத்தானை அழுத்தினால் ஒரே இரவில் கையில் வந்துவிடும் என்று கட்டுரை சொல்கிறது. நான் இயந்திரத்துக்கு எதிரி அல்ல. என் கப்பலின் முன்னால் இருக்கும் கிண்ணம் போன்ற ஆன்டெனா, அச்சில் எடுத்ததுதான் (அசல் மாதிரியிலும் அந்தக் கிண்ணம் காணாமல் போய், புதிதாகச் செய்து வைத்ததுதான் இப்போது இருக்கிறது). எஞ்சின் குழல்கள் இரண்டும் பசை காயும் வரை சாயாமல் ஒரே மட்டத்தில் நிற்கப் பிடித்துக்கொள்ளும் சட்டத்தையும் அச்சில்தான் எடுத்தேன், அது இல்லாவிட்டால் திண்டாடியிருப்பேன். ஆனால் இணையத்தில் நான் இறக்கிப் பார்த்த எண்டர்பிரைஸ் கோப்புகள் எல்லாவற்றிலும் வலப் பக்கத்தை மட்டும் வரைந்து, ஒரு கட்டளையில் அதை இடப் பக்கத்துக்குக் கண்ணாடிப் பிம்பமாகப் பிரதி எடுத்திருந்தார்கள். இடப் பக்கத்திலும் ஜன்னல், இடப் பக்கத்திலும் எழுத்து. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, கற்பனைக் கப்பல் வேண்டுமென்றால் அது சரியும்கூட. ஆனால் டேட்டினும் அவரோடு வேலை செய்தவர்களும் செய்த பொருள் அது அல்ல. எதைச் செய்ய வேண்டும் என்று பழைய புகைப்படங்களை மாதக்கணக்கில் பார்த்துத் தெரிந்துகொள்கிற வேலையை இயந்திரம் செய்து தராது, அதற்குப் பிறகு வருகிற வேலையை வேண்டுமானால் குறைக்கும். நீங்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டீர்கள், எனக்கு வருத்தம் அங்கேதான்.

இன்னொன்று. முதலில் செய்த அந்த 33 அங்குல மாதிரி எழுபதுகளில் ஒரு படவேலைக்காக இரவல் போனது, திரும்பி வரவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து 2023இல் ஒரு இணைய ஏல அறிவிப்பில் தலைகாட்டியது, வல்லுநர்கள் ஆராய்ந்து அசல்தான் என்று உறுதி செய்து, 2024இல் தொடரை உருவாக்கியவரின் மகன் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு மரப்பொருளை அடையாளம் காண முடிந்ததே, அதில் கைவேலையின் தடயங்கள் இருந்ததால்தானே? படத்தின் கீழே கணினியில் உருவானது என்று எழுதும்போது அந்தக் கைகளை எல்லாம் ஒரே வரியில் அழித்துவிடுகிறோம்.

எனவே அடுத்த இணைப்பில் ஒரு சிறிய திருத்தம் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வடிவமைத்தவர் மேட் ஜெஃப்ரீஸ், செய்தவர் ரிச்சர்ட் டேட்டினும் பட்டறை ஆட்களும், மரம், தகடு, பிளாஸ்டிக், 1964. இரண்டு வரி இடம் போதும். அதோடு படமும் போட முடிந்தால் இந்த முறை இடப் பக்கத்திலிருந்து எடுத்த படமாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்