மீன் கேட்டா ஏன் இத்தன கேள்வி கேக்குதோம்?

கடைக்கு வர்ற அண்ணாச்சிமாரு, அக்காமாரு, பிள்ளைய எல்லாருக்கும் வணக்கம்.

இப்ப புது வீடு கட்டுனா ஹால்ல 4 அடி, 5 அடி டேங்க் ஒண்ணு வைக்குறது நம்ம பக்கம் ஜாஸ்தி ஆயிட்டு, எங்களுக்கு சந்தோசம்தான். ஆனா மீன் எடுக்க வரும்போது டேங்க் அளவு என்ன, தண்ணி எங்க உள்ளது, ஏற்கனவே உள்ள என்னெல்லாம் கெடக்குன்னு நாங்க நோண்டி நோண்டி கேக்கது சில பேருக்கு எரிச்சலா இருக்கு. "பெரிய டேங்க்தானே, எல்லாம் ஒண்ணா ஓடும், கவர்ல போடுங்க"ன்னு சொல்லுதாங்க. ஓடாது. அது ஏன்னு விளக்கத்தான் இந்த மடல்.

4க்கு 2க்கு 2 டேங்க்னா கணக்குப்படி 450 லிட்டர், மேல விடுற எடம், கல்லு மணல் எல்லாம் போக 400 பக்கம் நிக்கும் (கிட்டத்தட்ட அரை டன் வெயிட், ஸ்டாண்டை முதல்ல பாத்துக்கிடுங்க). இவ்ளோ தண்ணின்னதும் என்னத்தயும் விடலாம்னு தோணும். ஆனா நீங்க கடையில பாக்குறது எல்லாம் குஞ்சு. 2 இஞ்ச் ஆஸ்கர் நல்லா தின்னா ஒரு வருசத்துல முக்கால் அடி, அப்புறம் 1 அடி. ஷார்க்னு சொல்லி வாங்குற பங்காசியஸ் உண்மைல கெளுத்தி வகை, சாப்பாட்டுக்கு வளக்குற மீன், 3 அடி போகும். சில்வர் அரோவானாவும் 3 அடி பக்கம் வரும், 2 அடி அகலத்துல அது திரும்புறதே கஷ்டம், போதாக்கொறைக்கு மூடி இல்லன்னா துள்ளி தரையில கெடக்கும். ரெட் டெயில் கேட்ஃபிஷ் கேட்டு வராதீங்க, அது அமேசான்ல 3, 4 அடி வளர்ற சாதனம், அத நாங்க எடுக்கதே இல்ல.

இன்னொண்ணு, இத்தன லிட்டருக்கு இத்தன இஞ்ச் மீன்னு ஒரு கணக்கு சுத்துது. சின்ன மீனுக்கு ஏதோ ஒப்பேறும், பெருசுக்கு சுத்தமா சரிவராது. 1 இஞ்ச் டெட்ரா 10 சேந்தாலும் 10 இஞ்ச் ஆஸ்கர் ஒண்ணு போடுற கழிவுல ஒரு மூலைக்குக் காணாது.

அதனால நாங்க சொல்லுறது ஒண்ணுதான், முதல்ல இந்த டேங்க்ல முக்கியமான மீன் எதுன்னு முடிவு பண்ணுங்க, மத்தது எல்லாம் அதுக்குத் தக்கன. பிடிச்சதுல ஒவ்வொண்ணு அள்ளிட்டு போனா ஒரு மாசம் அழகா இருக்கும், அப்புறம் எண்ணிக்கை கொறைய ஆரம்பிக்கும்.

ஆஸ்கர்தான் வேணும்னா 400 லிட்டருக்கு ரெண்டு போதும், கூட சில்வர் டாலர் 5, 6 போடலாம். அது தட்டையா உயரமா வளர்றதால ஆஸ்கர் வாய்க்குள்ள போகாது, வேகமாவும் ஓடும், ஆனா செடி ஒண்ணு கூட மிஞ்சாது பாத்துக்கிடுங்க. சின்ன கோல்டு ஃபிஷ்ஷ வாங்கி ஆஸ்கருக்கு எரை போடாதீங்க, நோயும் சேந்து வரும், சத்தும் கெடையாது.

ஏஞ்சல் முக்கியம்னா கத வேற. ஏஞ்சலும் நியானும் ஒரே ஊருக்காரங்க, ரெண்டுக்கும் அதே அமேசான் தண்ணி, ஆனாலும் ஏஞ்சல் வளந்ததும் நியான முழுங்கிரும். அதோட டைகர் பார்ப் போட்டா அது ஏஞ்சலோட நீள துடுப்ப கடிச்சிக்கிட்டே கெடக்கும், கௌராமிக்கும் அதே கெதிதான். டைகர் பார்ப் அவ்ளோ ஆசைன்னா 8, 10ன்னு கூட்டமா தனியா வைங்க, அதுங்களுக்குள்ளயே அடிச்சிக்கிடும். ஏஞ்சலுக்கு பேர்ல் கௌராமி, ரெயின்போ, காங்கோ டெட்ரா, அடியில கோரிடோராஸ்... இது எல்லாம் அமைதியா போகும். ஏஞ்சல குஞ்சுலயே 5, 6 சேத்து விடுங்க, ஜோடி சேந்து முட்ட போட்டா மூலைய பிடிச்சிட்டு மத்தத வெரட்டும், அப்ப ஒரு ஜோடிய மாத்தி விட எடம் வேணும்.

ஃபிளவர் ஹார்ன் தனிதான், அதுல வாதமே வேண்டாம். கோல்டு ஃபிஷ்ஷுக்கு கொஞ்சம் குளுந்த தண்ணி வேணும், நம்ம ஊரு 28 டிகிரில மத்த மீனோட அதுக்கு ஒத்து வராது. சக்கர் மீன டேங்க் கிளீனர்னு வாங்குறிய, அது 1 அடிக்கு மேல போயி பாசி திங்குறத விட்டுட்டு அழுக்கதான் கூட்டும், பிரிஸ்டில் நோஸ் எடுங்க, 5 இஞ்ச்சோட நிக்கும்.

தண்ணிய ஏன் கேக்குதோம்னா, மலையோரம் உள்ள கெணத்துத் தண்ணியும் கொளச்சல் பக்கம் கடக்கரை போர் தண்ணியும் ஒண்ணு கெடையாது. உப்பும் கடினத்தன்மையும் கூடுன தண்ணில டிஸ்கஸ், டெட்ரா எல்லாம் தேறாது, ஆனா அதே தண்ணில மோலியும் ஆப்பிரிக்க மலாவி ஏரி சிக்லிடும் ஜம்முனு நிக்கும், அதுங்களுக்கு பிஎச் (தண்ணியோட அமில, கார அளவு) 8 பக்கம் இருந்தாதான் பிடிக்கும். மலாவி எடுத்தா மலாவி மட்டும்தான், ஆஸ்கரோடயோ ஏஞ்சலோடயோ கலக்கக் கூடாது. ஒரு பாட்டில்ல தண்ணி கொண்டு வாங்க, நாங்க பாத்து சொல்லுதோம், காசு வேண்டாம். பைப்பு தண்ணின்னா குளோரின் போக்கிட்டுதான் ஊத்தணும்.

டேங்க் செட் பண்ணுன அன்னைக்கே மீன் தர மாட்டோம்ங்கிறதுலயும் சண்ட வருது. மீன் கழிவுல வர்ற அமோனியாவ நைட்ரைட்டா, அப்புறம் நைட்ரேட்டா மாத்துற பாக்டீரியா ஃபில்டர்ல வளர 4ல இருந்து 6 வாரம் ஆகும். அதுக்குள்ள 20 மீன விட்டா ஒரு வாரத்துல எங்க மீன் நோய் மீன்னு பேரு வரும். கொஞ்சம் கொஞ்சமா விடுங்க, சாதுவான மீன் முதல்ல, சண்டக்காரன் கடைசில. முதல்ல போனது முழு டேங்கையும் தன் எடம்னு பிடிச்சிரும்.

மிஸ் கேரளா கேக்குறவங்களுக்கு, அது மேற்குத்தொடர்ச்சி மலை ஓடையில உள்ள மீன், அழிவு அபாயத்துல இருக்கு, நம்ம கடையில கெடையாது.

வளந்து கை மீறிப் போன மீன தயவு செஞ்சு குளத்துலயோ, பழையாத்துலயோ, சானல்லயோ விட்டுராதீங்க. சக்கரும் பாக்குங்கிற வெளிநாட்டு மீனும் ஒருக்க இறங்குனா நாட்டு மீனுக்கு எடம் கெடையாது. எங்ககிட்ட கொண்டு வாங்க, காசு தர முடியாது, ஆனா வாங்கி வைப்போம்.

வரும்போது போன்ல டேங்க வீடியோ எடுத்துட்டு வாங்க, அளவும் குறிச்சுக்கிடுங்க. ஞாயித்துக்கெழம கூட்டம் ஜாஸ்தி, நின்னு பேச முடியாது, வார நாள்ல சாயங்காலம் வந்தா நல்லது.

இப்படிக்கு,
உங்க வண்ண மீன் கடை, மார்த்தாண்டம்