சித்திரக் கதைநூல்களில் நம் வாவியும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் தானாகவே 'வாசித்து' முடிக்கக்கூடியது சித்திரக் கதைநூல். பெரியவர் வரிகளை வாசித்துக்கொண்டிருக்க, பிள்ளையோ வரியில் சொல்லப்படாத ஒன்றை, கட்டிலுக்கடியில் பதுங்கியிருக்கும் பூனையையோ கொடியில் காயும் சட்டையையோ, தேடிப் பிடித்து "இந்தா இருக்கு" என்று விரல் வைக்கும். நல்ல ஓவியர் அந்த விரலுக்காகவே அதை அங்கே வரைந்திருப்பார். இந்நூல்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில் அமைவதற்கு அச்சுத்தாளின் மடிப்பே காரணம் எனினும், அவ்வரையறைக்குள் எந்தப் படத்தை வலப்பக்கத்தில் நிறுத்தி ஆவலைத் தூண்டுவது, எதை இரு பக்கங்களிலும் விரிப்பது என்பதில்தான் கலை இருக்கிறது.

மட்டக்களப்பில் நாம் வாங்கும் நூல்களிலோ (தாளின் பளபளப்புக்குக் குறைவில்லை) பனிமனிதனும் ஆப்பிள் மரமுமே அதிகம். அவையும் வேண்டியவைதாம். ஆனால் மட்டக்களப்பு வாவியில் தோணியில் நின்று வீச்சுவலை எறிபவரும், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வயல்களும், 1924 இல் திறக்கப்பட்ட பழைய கல்லடிப் பாலத்தின் இரும்புச் சட்டங்களும் வண்ணத்தில் வர வேண்டாமா? காலிப் பக்கத்துக் கிராம வாழ்வைத் தம் ஓவியங்களால் பிறநாட்டுப் பிள்ளைகளிடமும் கொண்டுசென்றவர் சிங்களச் சிறுவர் நூலாசிரியரும் ஓவியருமான சிபில் வெத்தசிங்க.

கல்லடியில் ஓவியமும் கற்பிக்கும் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. கதை சொல்வோரும் இம்மண்ணில் உள்ளனர். உள்ளூராட்சி சபைகளின் நூலகங்கள் குறித்த அளவு பிரதிகளை வாங்குவதாக முன்கூட்டியே உறுதியளித்தால், வண்ண அச்சுச் செலவுக்கு அஞ்சும் பதிப்பாளரும் துணிந்து முன்வருவர்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மட்டக்களப்பு