தாங்களாகவேவா முன்வந்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வார இதழில் வீரப்பன் வேட்டையைப் பற்றி ஆறு பக்கம் போட்டிருந்தீர்கள். வழவழ தாள், வண்ணப்படம். விலையில் ஐந்து ரூபாய் ஏற்றியது எங்கே போனது என்று புரிந்தது, சந்தோஷம். நாலாவது பக்கத்தில் ஒரு வரி வருகிறது: பரிசுத்தொகை அறிவித்ததும் மலையோர மக்கள் தாங்களாகவே துப்புக் கொடுக்க முன்வந்தார்களாம். அந்தத் 'தாங்களாகவே'யைப் படித்துவிட்டுக் கீழே வைத்த காபி டம்ளரை நான் மறுபடி எடுக்கவே இல்லை, ஏடு கட்டிப்போய் மருமகள்தான் கொண்டுபோய்க் கொட்டினாள்.

எழுதிய தம்பி 2004-இல் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார், அவரை விடுங்கள். உங்களுக்குத் தெரியுமே ஐயா. அந்த வருஷம் அக்டோபர் 18 ராத்திரி பாப்பாரப்பட்டியில் ஆம்புலன்ஸுக்குள் வீரப்பன் கதை முடிந்தது. அதற்கு முந்தின பத்துப் பதினைந்து வருஷம் அந்த மலையடிவாரத்தில் எப்படித் துப்புக் கேட்டார்கள் என்று மனித உரிமை ஆணையம் விசாரிக்க வைத்த நீதிபதி சதாசிவா குழுவிடம் ஜனங்கள் வந்து சொன்னதெல்லாம் உங்கள் அலுவலகத்துப் பழைய கட்டுகளிலேயே இருக்குமே. மாதேஸ்வரன் மலை அதிரடிப்படை முகாமில் 'ஒர்க் ஷாப்' என்று ஓர் இடம். லாரி பழுது பார்க்கிற இடமில்லை, மனுஷன் உடம்பில் கரண்ட் வைக்கிற இடம் என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள். அவர்களும் உங்கள் 'தாங்களாகவே' கணக்கில் சேர்த்தியா?

நான் 38 வருஷம் அரிசி ஆலையில் கணக்கு எழுதியவன், தொகையைப் பார்த்தால் கை தானாகக் கூட்டிவிடும். வீரப்பன் தலைக்கு 40 லட்சம் என்று பேச்சிருந்தது, கடைசியில் 5 கோடி வரை போனது. ஆள் செத்ததும் அதிரடிப்படையில் 752 பேருக்கு ஆளுக்கு 3 லட்சம், வீட்டுமனை, ஒரு படி பதவி உயர்வு. மனையை விடுங்கள், ரொக்கம் மட்டும் 22 கோடியே 56 லட்சம் ஆகிறது. அடிபட்ட ஜனங்களுக்கு மனித உரிமை ஆணையம் 2007-இல் சொன்னது 89 பேருக்குச் சேர்த்து 2 கோடியே 80 லட்சம். வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு மூன்று லட்சத்துச் சொச்சம். வேட்டைக்குப் போனவருக்கும் வேட்டையில் மிதிபட்டவருக்கும் ஏறக்குறைய ஒரே ரேட்டு, மனைதான் கிடையாது. ஆறு பக்கத்தில் இந்தக் கணக்குக்கு இடம் இல்லாமல் போய்விட்டதா?

வாச்சாத்தி என்ற பெயர்கூட இல்லை. தருமபுரிப் பக்கம் மலையடிவாரத்து ஊர். 1992 ஜூன் 20, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் ஊருக்குள் வந்தார்கள். 18 பெண்களுக்கு நடந்ததை நான் எழுத வேண்டாம். 269 பேர் மேல் வழக்கு, 2011-இல் தீர்ப்பு வந்தபோது அதில் 54 பேர் செத்தே போயிருந்தார்கள், மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள். 2023-இல் ஹைகோர்ட்டும் அதை உறுதி செய்தது.

வீரப்பனுக்கு நான் வக்கீல் இல்லை. 1993-இல் பாலாறு பக்கம் வெடித்த கண்ணிவெடியில் 22 பேர் போனார்கள், அதில் நிறையப் பேர் போலீசோடு துப்புச் சொல்லப் போனவர்கள். சொன்னால் அவன் கொல்வான், சொல்லாவிட்டால் இவன் தோலை உரிப்பான், இதற்கு நடுவில்தான் அந்த ஊர்களெல்லாம் இருந்தன. 2000-இல் கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்தி 108 நாள் வைத்திருந்தபோது நிபந்தனைகளில் காவிரித் தண்ணீரையும் சேர்த்தார் இல்லையா, எங்கள் ஊர் டீக்கடையில் இரண்டு நாள் ஒரே குஷி, சர்க்காரால் முடியாததை மீசைக்காரர் முடித்துவிடுவார் என்று. நானும் சிரித்தேன், பொய் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பெங்களூரிலிருந்து என் தங்கை போன் பண்ணினாள். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்றாள், அதையும் கிசுகிசுவென்று சொன்னாள், பக்கத்து வீட்டில் தமிழ் கேட்டுவிடும் என்று.

உங்கள் கட்டுரையில் துப்புக்கூலி என்ற வார்த்தையே வரவில்லை. இத்தனைக்கும் பரிசுத்தொகையைவிட அது பழைய வார்த்தை. மாடு களவு போனால் இவ்வளவு தருகிறேன் என்று சொல்லி அனுப்புவார்கள், இன்ன தோப்பில் கட்டிக் கிடக்கிறது என்று சேதி வரும். பல தடவை ஓட்டிப்போனவனே ஆள் வைத்து வாங்கிக்கொள்வான், எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கமாட்டார்கள்.

1978 தை மாசம், தாளடி அறுப்பு. எனக்கு வயது 19, வெண்ணாற்றங்கரையில் ஒரு பண்ணைவீட்டில் சிட்டை எழுதிக்கொண்டிருந்தேன். பண்ணையாரின் உம்பளாச்சேரி மாட்டு ஜோடி ஒரே ராத்திரியில் கொட்டிலை விட்டுப் போய்விட்டது. துப்புச் சொன்னால் 500 ரூபாய் என்று தமுக்கு அடித்தார்கள். மூன்றாம் நாள் ஒருவர் வந்து ஒரு பெயரைச் சொன்னார். சொன்னவருக்கும் அந்தப் பெயருக்கு உரியவருக்கும் மடைத் தகராறு, இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது, இது எனக்கும் தெரியும், பண்ணையாருக்கும் தெரியும். ஆனால் பண்ணையாருக்கும் அந்த ஆள்மேல் பழைய காய்ச்சல் ஒன்று இருந்தது, கூலி கூடக் கேட்டுக் கொடி பிடித்தவர் என்று. அப்புறம் என்ன, இருபது பேர் டார்ச்சும் தடியுமாகப் படுகையில் இறங்கினார்கள். நாணலுக்குள் பதுங்கியிருந்தவரை விடியற்காலம் இழுத்து வந்து வாசலில் போட்டார்கள். வலது கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. அதை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, தம்பி, கொஞ்சம் தண்ணி என்றார். நான் பேனாவும் கையுமாக நின்றேன். மாடு எங்கே என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. தெரிந்தால்தானே சொல்ல.

ஒரு மாசம் கழித்து மாடு இரண்டும் மணப்பாறைச் சந்தையில் நின்றன, நெற்றிச்சுட்டியை வைத்து அடையாளம் கண்டு ஓட்டி வந்தார்கள். யார் வேலை என்று இன்றுவரை தெரியாது. 500 ரூபாயை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. சொன்னவர் அதில் டைனமோ விளக்கு வைத்த சைக்கிள் ஒன்று வாங்கினார், ராத்திரியில் வாய்க்கால் கரையில் அந்த வெளிச்சம் ஆடி ஆடி வந்தால் பேசிக்கொண்டிருக்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பேரேட்டில் அந்தத் தொகையை எழுதியது நான்தான். 'மாட்டு வகைச் செலவு' என்று போடச் சொன்னார்கள், போட்டேன். கை போனவருக்கு எந்த வகையிலும் ஒரு பைசா எழுதவில்லை. சம்பந்தப்பட்ட குடும்பங்கள் இன்னும் இதே தெருக்களில் இருக்கின்றன, அதனால் என் பெயரைப் போட வேண்டாம்.

கட்டுரை ஆரம்பத்தில் கட்டபொம்மனையும் இழுத்திருந்தீர்கள். 1799-இல் புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆட்கள் பிடித்துக் கொடுத்தார்கள், கயத்தாற்றில் தூக்கு, சரி. அதோடு நிறுத்தினால் எப்படி? பாளையக்காரர் சண்டைகளில் செய்த உதவிக்கு 1803-இல் கம்பெனி தொண்டைமானுக்குக் கொடுத்த கீழாநிலைக் கோட்டையும் ஊர்களும் யாருடையவை, தஞ்சாவூர்ச் சீமையில் வெட்டிக் கொடுத்தது. கூலி எப்போதும் அடுத்தவன் வீட்டிலிருந்துதான் போகிறது.

டெல்டா என்றால் உங்களுக்கு வெள்ளம் வந்த படம், பொங்கல் மலருக்கு ஒரு நெற்கதிர். போன வருஷம் மேட்டூர் திறப்புச் செய்திக்குக் கல்லணைப் படத்தைப் போட்டு 'மேட்டூர் அணை' என்று எழுதினீர்கள். கரிகாலனையும் 1934-ஐயும் ஒன்றாக்கிவிட்டீர்கள், பரவாயில்லை, இரண்டிலும் தண்ணீர்தானே. நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று கொள்முதலுக்கு எடுக்காமல், களத்தில் பத்து நாள் காவல் கிடந்ததை இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன், நாலு வரியாக வந்தது, அதிலும் என் ஊரை மன்னார்குடி வட்டத்தில் சேர்த்துவிட்டீர்கள். நான் வலங்கைமான். இந்தக் கடிதத்தையும் வெட்டுவீர்கள் என்று தெரியும், வெட்டினால் காபியை வெட்டுங்கள், கணக்கை வெட்டாதீர்கள்.

கேட்பது அதிகமில்லை. அடுத்த இதழில் 'தாங்களாகவே' என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டதாகத் திருத்தம் போடுங்கள், வாச்சாத்தி என்ற பெயரை ஒரு தடவை அச்சடியுங்கள். இரண்டு வரி போதும், ராசிபலன் பக்கத்து அடியில் எப்போதும் இடம் காலியாகத்தான் கிடக்கிறது.

அப்புறம், போன மாசம் இரண்டாவது வார இதழ் எனக்கு இன்னும் வந்து சேரவில்லை. சந்தா டிசம்பர் வரை கட்டியிருக்கிறேன், ரசீது கையில் இருக்கிறது.

இப்படிக்கு,
பழைய கணக்குப்பிள்ளை ஒருவன்,
வலங்கைமான் வட்டம்.