பதினைந்து நிமிடத் தண்ணீர்

கோத்தகிரி,
மார்கழிக் கடைசி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. மூட்டுவலி இப்போது தேவலையா? இங்கே பனி கடுமை. கொழுந்து கருகி, எஸ்டேட்டில் வேலையும் குறைந்துவிட்டது.

எங்கள் ஆறாம் வகுப்பில் ஒரு பையன். நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும் என்று பரீட்சையில் பிழையில்லாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன். அடுத்த மாதம் அவனையே நாய் கடித்தது. மறுநாள் நொண்டிக்கொண்டு வந்தான். சாக்ஸை இறக்கிப் பார்த்தேன். கெண்டைக்காலில் இரண்டு பல் தடம், அதன்மேல் மஞ்சளும் சுண்ணாம்பும் காய்ந்து ஒட்டிக்கிடந்தது.

"கழுவினியாடா?"

"ஆஸ்பத்திரிக்குப் போனா தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்கன்னு பாட்டி சொன்னாங்க டீச்சர்."

உடனே குழாயடியில் கழுவவைத்து, அவன் அம்மாவை வரவழைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. குன்னூரில் 1907லிருந்து பாஸ்டர் நிலையம் இருக்கிறது. வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி செய்த இடம் நம் பக்கத்து ஊர். ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்தப் பழைய ஊசியை நிறுத்தி இருபது வருஷமாகிவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாள். அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அரிது என்பது வரைக்கும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த வீட்டில் முடிவெடுப்பது பாட்டி. பாட்டியிடம் யார் சொன்னோம்?

நீ நர்ஸாக வீடுவீடாகப் போன காலம் நினைவுக்கு வந்தது. திண்ணையில் உட்கார்ந்து, அவர்கள் என்ன செய்தார்கள் என்று முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் உன் பேச்சை எடுப்பாய். எனக்கு அப்போது அது நேரத்தை வீணடிப்பதாகத் தெரிந்தது. தப்பு என்னுடையது.

இப்போது பிள்ளைகளைக் குழாயடியில் நிறுத்தி நிஜமாகவே கழுவச் சொல்கிறேன். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வெளியே கொண்டுவந்து வைத்தோம். இந்தக் குளிரில் முக்கால்வாசிப் பேர் இரண்டாவது நிமிடமே காலை இழுத்துக்கொண்டார்கள். 15 நிமிடம் என்றால் எவ்வளவு என்று எனக்கே அன்றுதான் புரிந்தது. "லைன் வீட்டுல காலையில மட்டும்தான் தண்ணி வரும், சாயங்காலம் கடிச்சா?" என்றாள் எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடான லைன் வீட்டிலிருந்து வரும் ஒரு பெண். நான் முழித்தேன். குடத்துத் தண்ணீரை ஒருவர் மெதுவாக ஊற்ற, இன்னொருவர் கழுவட்டும் என்று அவர்களே வழி சொன்னார்கள். எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் இதைப் படித்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அதே பிள்ளைகளோடு லைன் வீடுகளுக்குப் போனேன். நான் வாயைத் திறக்கவில்லை. பேரப்பிள்ளைகளே செய்து காட்டினார்கள். ஒரு பாட்டி, "கையிலதானா போடுறாங்க?" என்று மூன்று தடவை கேட்டார்.

வாராவாரம் கொடுக்கும் நீல நிற இரும்புச் சத்து மாத்திரையிலும் இதே கதைதான். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து பாதிப் பேர் புதருக்குள் வீசிவிடுகிறார்கள். விழுங்குகிறவர்களும் கையோடு ஒரு டம்ளர் டீ குடிக்கிறார்கள். டீயோடு சேர்ந்தால் இரும்பு உடம்பில் சரியாக ஒட்டாது. தேயிலைக் காட்டில் இருந்துகொண்டு டீயை விடு என்றால் யார் கேட்பார்கள்? ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள் என்கிறேன், அது நடக்கிறது.

அந்தப் பையனுக்கு ஊசி நான்கும் முடிந்தது. கடைசி ஊசிக்கு அவனைக் கூட்டிப்போனது பாட்டிதான்.

தை பிறந்ததும் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி வந்துவிடு. ஞாயிறு லைன் வீட்டுக்குப் போகலாம். பாம்புக்கடிக்குக் கட்டுப் போடலாமா கூடாதா என்று பாட்டிகள் கேட்கிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேச எனக்கு நீ வேண்டும். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்.

உன் பழைய பெஞ்சுத் தோழி